படகுப் பொறியில் எண்ணெய்க் கசிவு (பழவேற்காடு)

படகுப் பொறியில் எண்ணெய்க் கசிவு என்பது, பொறியின் உள்ளே உராய்வைக் குறைக்கும் உயவு எண்ணெய் மூட்டுகள், அடைப்பு வளையங்கள், வெடிப்புகள் ஆகியவற்றின் வழியே வெளியேறும் பழுது ஆகும். பொறியை முழுவதும் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி மீண்டும் கோத்த பின்னரும் இக்கசிவு நிற்காமல் தொடர்வது உண்டு. அந்நிலையில் கசியும் இடத்திலுள்ள அடைப்பு வளையத்தையே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மாற்றுவது பட்டறைகளில் பரவலான வழக்கம். ஆனால் எண்ணெய் வெளியேறும் இடமும் அது வெளியேறக் காரணமான இடமும் பல வேளைகளில் வேறு வேறானவை. இக்கட்டுரை, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த ஒற்றை உருளை டீசல் பொறிகளைக் கொண்டு இப்பழுதையும் அதைக் கண்டறியும் முறைகளையும் விளக்குகிறது.

பின்னணி

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. ஸ்ரீஹரிக்கோட்டா தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. ஏரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஓர் ஆள் நின்று நடக்கலாம். பழவேற்காடு ஊரை அடுத்துள்ள முகத்துவாரத்தின் வழியாகவே இப்பகுதிப் படகுகள் கடலுக்குச் செல்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும் காலங்களில் படகுகள் தரைதட்டுவதும் அலையில் சிக்குவதும் இங்குள்ளோர் நன்கறிந்த இடர்கள்.

ஏரிக்குள் பாடு எனப்படும் மரபு முறை வழங்கி வருகிறது. இதன்படி மீன்பிடி இடங்கள் குடும்பங்களுக்கிடையே முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. தன் முறை வரும் நாளில் தொழிலுக்குப் போக இயலாதவருக்கு அந்த வருவாய் இழப்பே. கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் முதலிய ஊர்களில் ஏரித் தொழிலும் கடல் தொழிலும் அருகருகே நடைபெறுகின்றன.

தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் ஏற்கெனவே பிடித்து வந்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின், நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகளால் இம்மாற்றம் விரைவுபட்டது. படகுடன் பொறியும் வந்தது. பொறியைப் பழுதுபார்க்கும் பட்டறைத் தொழிலும் அதனுடன் வளர்ந்தது. இத்தாலிய வடிவமைப்பைத் தழுவி இந்தியாவில் செய்யப்பட்ட கிரீவ்ஸ் லம்பார்டினி வகைப் பொறி இக்கடற்கரையில் மிகவும் பரவியதால், லம்பார்டினி என்னும் சொல்லே சிறு டீசல் பொறிக்குப் பொதுப்பெயர் போல் வழங்குகிறது.

பொறியின் அமைப்பும் உழைப்பும்

இவை பெரும்பாலும் காற்றால் குளிர்விக்கப்படும், ஏறத்தாழ 10 குதிரைத்திறன் கொண்ட பொறிகள். படகின் பின்புறத்தில் ஒரு சுழல் தாங்கியின் மீது பொறி அமர்ந்திருக்கும். அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று நீருக்குள் செல்லும். அதன் முனையில் விசிறி சுழலும். படகோட்டி கைப்பிடியை அழுத்தினால் விசிறி மேலெழும், உயர்த்தினால் தாழும். பொறியும் தண்டும் ஒரே துண்டாக இணைந்திருப்பதால் விசிறியின் ஆழத்தை மாற்றும்போதெல்லாம் பொறியும் சாய்கிறது. கசிவைப் புரிந்துகொள்ள இந்தச் சாய்வு முதன்மையானது.

இத்தகைய பொறி நிமிடத்திற்கு 3000 சுற்று வரையிலான வேகத்தில், பெரும்பாலும் முழுச் சுமையுடன், மணிக்கணக்கில் ஓடுகிறது. சாலையில் செல்லும் மகிழுந்தின் பொறி தன் முழுத்திறனில் இயங்குவது சில நொடிகளே. அவ்வகையில் குப்பத்துப் படகின் சிறு பொறி, பந்தயக் காரின் பொறிக்கு இணையான உழைப்பை உப்புக்காற்றின் நடுவே தருகிறது எனலாம். மறுசீரமைக்கப்பட்ட பந்தயப் பொறிகளில் காணப்படும் கசிவுகள் அனைத்தும் இதிலும் காணப்படுவதில் வியப்பில்லை.

கசிவின் அளவும் ஆபத்தும்

சிறு துளிதானே என விடப்படும் கசிவு எவ்வளவு என்பதை எளிய கணக்கால் அறியலாம். இரண்டு நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால் ஒரு மணி நேரத்தில் 1800 துளிகள். ஏறத்தாழ 25 துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால் இது 72 மில்லிலிட்டர். ஆறு மணி நேரத் தொழிலில் 430 மில்லிலிட்டருக்கு மேல் வெளியேறிவிடும். இவ்வகைப் பொறிகளின் எண்ணெய்த் தொட்டி பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரையே கொள்ளும். ஆகவே விடியலில் அளவுகுறி வரை நிரப்பிச் சென்ற படகு, கரை திரும்பும்போது ஆபத்தான எல்லையில் இருக்கும். எண்ணெய் குறைந்தால் கிராங்குத் தண்டின் தாங்கிகள் சூடேறி இறுகும். பட்டறை மொழியில் இது "இஞ்சின் ஜாம்" எனப்படும். ஆழ்கடலில் இது நேர்ந்தால் வேறு படகு இழுத்து வரலாம். முகத்துவாரத்து அலைகளுக்கு நடுவே நேர்ந்தால் படகைத் திருப்பக்கூட நேரம் கிடைக்காது.

கண்டறியும் முறை

முதலில், கசிவது உயவு எண்ணெய்தானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். டீசல் மெலிதாகப் பரவும், வாடையால் அறியலாம். தாளின் மீது ஒரு துளி விட்டால் டீசல் கலந்த எண்ணெயைச் சுற்றி வெளிறிய வளையம் அகன்று பரவும். எரிபொருள் ஏற்றியோ தெளிப்பானோ பழுதாகி டீசல் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கினால், எண்ணெய் அளவு குறைவதற்கு மாறாக உயரும். எண்ணெய் நீர்த்துப்போய் எல்லா மூட்டுகளிலும் கசியத் தொடங்கும். அளவுகோலில் எண்ணெய் நாளுக்கு நாள் "ஏறுகிறது" என்று படகுக்காரர் கூறினால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் எரிபொருள் ஏற்றியைக் கழற்றிப் பார்ப்பதே முறை.

அடுத்து, பொறியை முழுவதும் கழுவ வேண்டும். பழைய எண்ணெயும் மணலும் உப்பும் படிந்த பொறியில் எந்தக் கசிவையும் அடையாளம் காண இயலாது. மண்ணெண்ணெய் கொண்டு கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்த பின் மூட்டுகளின் மீது முகத்திற்குப் பூசும் பவுடரையோ சுண்ணாம்புத் தூளையோ மெல்லத் தூவ வேண்டும். பின்னர் பொறியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், எண்ணெய் முதலில் எட்டிப்பார்க்கும் இடத்தில் வெண்தூள் கருக்கும்.

இங்கு ஒரே ஒரு விதியை நினைவில் கொண்டால் போதும்: நனைந்திருக்கும் இடங்களுள் மிக உயரமானதே கசிவின் தோற்றுவாய். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். குளிர்விக்கும் விசிறியின் காற்று அதை ஒருபுறமாகத் தள்ளும். வால்வு மூடியில் தொடங்கும் கசிவு குளிர்விப்புத் துடுப்புகளின் இடையே இறங்கி, அடியிலுள்ள வடிகால் திருகில் சொட்டுவது மிகச் சாதாரணம். அதனால் குற்றமற்ற வடிகால் திருகு இறுக்கி இறுக்கி மரை போய்விடுகிறது.

தூளால் தெரியாத நுண்கசிவுகளுக்கு, புற ஊதா ஒளியில் மிளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து ஓட்டிப் பார்க்கலாம். கள்ள நோட்டைச் சோதிக்கப் பயன்படும் சிறு ஊதா விளக்கு இதற்குப் போதுமானது. இரவில் பார்ப்பது நல்லது.

பொறியை நிறுத்திய நிலையில் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. மூச்சுக்குழாயை அடைத்து, அளவுகோல் துளை வழியாகச் சைக்கிள் காற்றுப் பம்பினால் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூட்டுகளின் மீது சோப்பு நீரைப் பூசினால் கசியும் இடத்தில் குமிழி எழும். சதுர அங்குலத்திற்கு 3 பவுண்டு அழுத்தத்திற்கு மேல் செல்லக்கூடாது. மிகுந்தால் நல்ல நிலையிலுள்ள அடைப்பு வளையமும் பிதுங்கி வெளியேறிவிடும். சோதனையே பழுதை உண்டாக்கும்.

உள்ளழுத்தம்

புதிய அடைப்பு வளையம் போட்டும் கசியும் பொறிகளில் முதலில் ஐயப்பட வேண்டியது கிராங்கு அறையின் உள்ளழுத்தமே. ஒற்றை உருளைப் பொறியில் பிஸ்டன் இறங்கும்போது கீழுள்ள அறையின் கொள்ளளவு சுருங்குகிறது, ஏறும்போது விரிகிறது. பல உருளைகள் கொண்ட பொறியில் ஒரு பிஸ்டனின் இறக்கத்தை மற்றொன்றின் ஏற்றம் பெரிதும் ஈடுசெய்துவிடும்; இங்கு அதற்கு வழியில்லை. எனவே மூச்சுக்குழாயில் ஒருவழி வால்வு ஒன்று வைக்கப்படுகிறது. மெல்லிய தகடாலான இவ்வால்வு காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. இதனால் நல்ல நிலையிலுள்ள பொறியின் கிராங்கு அறையில் சிறிய உறிஞ்சலே நிலவும். வெளிக்காற்று உள்ளே செல்ல முனையும் இடத்தில் எண்ணெய் வெளியே வராது.

இந்த வால்வு எண்ணெய்ப் பிசினால் ஒட்டிக்கொண்டாலும், உடைந்தாலும், பொறியைக் கோக்கும்போது தலைகீழாகப் பொருத்தப்பட்டாலும் நிலைமை மாறிவிடும். உள்ளே சேரும் அழுத்தம், பொறியின் மிக வலுவற்ற அடைப்பைத் தேடி எண்ணெயைத் தள்ளும். அந்த அடைப்பை மாற்றினால் அடுத்த வலுவற்ற இடம் கசியும். "ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் வருகிறது" என்னும் குறைபாடு கேட்டவுடன் மூச்சுக்குழாயைக் கழற்றுவது, பல நூறு ரூபாய் மதிப்புள்ள உதிரிப்பாகங்களையும் ஒரு நாள் தொழிலையும் மிச்சப்படுத்தும்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் குழாயில் ஒரு முழம் எடுத்து, ஆங்கில யூ எழுத்தின் வடிவில் வளைத்து, பாதி அளவு நீர் நிரப்பி, ஒரு முனையை அளவுகோல் துளையில் இறுக்கமாகச் செருக வேண்டும். பொறி ஓடும்போது நீர் பொறியின் பக்கம் உயர்ந்தால் உறிஞ்சல் உள்ளது. எதிர்ப்பக்கம் உயர்ந்தால் அழுத்தம் உள்ளது. நீர் முற்றிலும் வெளியே பீறிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியது அடைப்பு வளையத்தை அன்று, பிஸ்டன் வளையங்களை.

பிஸ்டன் வளையங்கள் உருளையின் சுவரோடு சரியாகப் படியாதபோது எரிவாயு கீழிறங்கி இவ்வழுத்தத்தை உண்டாக்குகிறது. மறுசீரமைத்த பொறியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. உருளையைக் கடைந்த பின் அதன் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இடப்படும். புதிய வளையங்கள் அக்கீறல்களில் தேய்ந்து படிய, பொறி தொடக்கத்திலேயே மிதமான சுமையுடன் ஓட வேண்டும். "புது இஞ்சின், மெதுவாக ஓடட்டும்" என்று சுமையின்றி மணிக்கணக்கில் ஓடவிடுவது நல்லெண்ணத்தால் செய்யும் தவறு. சுவர் கண்ணாடி போல் மெருகேறி, வளையங்கள் படியாமலே நின்றுவிடும். பின்னர் மீண்டும் பிரித்துக் கீறல் இடுவதைத் தவிர வேறு வழி அரிது.

மிகுதியான எண்ணெயும் அழுத்தத்தைப் போலவே செயல்படும். பொறியைப் படகிலிருந்து இறக்கி மணற்சரிவில் வைத்து அளவு பார்த்தால் அளவுகோல் பொய் சொல்லும். குறைவு என எண்ணி ஊற்றிய எண்ணெயைக் கிராங்குத் தண்டு கடைந்து நுரையாக்கி மூச்சுக்குழாய் வழியே வெளியேற்றும். ஆழம் குறைந்த ஏரியில் விசிறியை மேலேற்றி ஓட்டும் நேரங்களில், சாய்ந்த பொறியின் ஒரு பக்க அடைப்பு வளையம் எண்ணெயில் மூழ்கியே இருக்கும். கடலில் கசியாத பொறி ஏரியில் மட்டும் கசிகிறது என்றால் இதுவே பெரும்பாலும் விடை.

அடைப்பு வளையமும் தண்டும்

ஆயில் சீல் எனப்படும் அடைப்பு வளையம், சுழலும் தண்டை மெல்லிய ரப்பர் உதட்டால் தழுவி நிற்கிறது. உதட்டின் பின்னே சிறு சுருள்வில் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் ஓடிய தண்டில், எஃகாக இருந்தும், உதடு படும் இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். விரல் நகத்தைத் தண்டின் மீது குறுக்காக இழுத்தால் நகம் அதில் தட்டும். புதிய வளையத்தை அதே இடத்தில் பொருத்தினால் அதன் உதடு அப்பள்ளத்தில் சரியாகப் படியாது. முதல் நாள் நின்றது போல் தோன்றி, பிறகு கசியும். வளையத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, தேயாத பகுதியில் உதடு படச் செய்யலாம். இடமில்லையேல் தண்டின் மீது மெல்லிய எஃகு உறையை ஏற்றலாம்.

சில வளையங்களின் உதட்டில் சாய்வான நுண்வரிகள் இருக்கும். தண்டு சுழலும்போது இவை எண்ணெயை உள்நோக்கித் திருப்பும். எதிர்த்திசைச் சுழற்சிக்கான வளையத்தைப் போட்டால் அவையே எண்ணெயை வெளியே இறைக்கும். அளவு எண்கள் பொருந்துகின்றன என்பதற்காக வாங்கப்படும் மாற்றுப் பாகங்களில் இத்தவறு நேர்கிறது. வளையம் எந்த ரப்பரால் ஆனது என்பதும் கவனிக்கத்தக்கது. பொதுவாகக் கிடைக்கும் நைட்ரைல் ரப்பர் 100 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்திற்கே ஏற்றது. அதைக் கடந்து நெடுநேரம் ஓடினால் உதடு இறுகி வெடிக்கும். புளூரோ ரப்பர் வளையம் ஏறத்தாழ 200 பாகை வரை தாங்கும், விலை அதிகம். குளிர்விப்புத் துடுப்புகளில் உப்பும் எண்ணெய்ச் சேறும் அடைத்துக்கொண்ட பொறியில், துடுப்புகளைச் சுத்தம் செய்யாமல் விலையுயர்ந்த வளையத்தை நாடுவது பொருளற்றது.

படகுகளுக்கே உரிய காரணம் நீண்ட தண்டு. தரைதட்டும்போதும், வலை கட்டிய கழியில் விசிறி மோதும்போதும் அது சிறிதளவு வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வளைவுகூட நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளில் பொறியின் வெளிமுனைத் தாங்கியை ஆட்டும். தாங்கி தேய்ந்தால் தண்டு நடுவிலிருந்து விலகிச் சுழலும். ரப்பர் உதட்டால் அந்த ஆட்டத்தைத் தொடர இயலாது. விசிறிப் பக்கத்து வளையம் மட்டும் மாதந்தோறும் போகும் பொறியில், நீண்ட தண்டைக் கழற்றிவிட்டுப் பொறியை மட்டும் தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். கசிவு நின்றால் பழுது பொறியில் இல்லை. கிராங்குத் தண்டின் முனையைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து ஆட்டம் தெரிந்தால் தாங்கியும் மாற்றப்பட வேண்டும்.

பேக்கிங், திருகு, வார்ப்பு

அலுமினிய மூடிகளின் முகப்பு உப்பால் அரிக்கப்பட்டுக் குழிகள் விழுந்திருந்தால் எந்தப் பேக்கிங் தாளும் நிற்காது. தட்டையான கண்ணாடியின் மீது உப்புத்தாளை விரித்து முகப்பைத் தேய்த்துச் சமன்செய்வது பயன் தரும். குழிகளைச் சிலிக்கோன் பசையால் நிரப்பும் வழக்கம் உண்டு. மிகுதியாகப் பூசினால் வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். அத்துணுக்குகள் எண்ணெய் வடிகட்டியை அடைத்தால், கசிவை நிறுத்தப் பூசிய பசையாலேயே பொறி இறுகிப்போகும். திருகுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக இறுக்காமல் குறுக்குமாறாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். தகட்டு மூடியின் ஓரம் திருகைச் சுற்றிக் குழிந்திருந்தால் தட்டி நிமிர்த்தாமல் பொருத்தக்கூடாது.

செம்பு வளையங்களை மீண்டும் பயன்படுத்தும்போது செந்நிறமாகச் சுடவைத்து நீரில் தோய்த்தால் மென்மை பெற்று நன்கு படியும். தள்ளுதண்டுகளைச் சுற்றியுள்ள குழாய்களின் இரு முனை ரப்பர் வளையங்கள் மறுசீரமைப்பின்போது மறக்கப்படுபவை. வார்ப்பில் வெடிப்பு இருப்பது அரிது. விழுந்த பொறிகளில் மட்டும் தேடினால் போதும்.

ஸ்ரீஹரிக்கோட்டாவில் ஒரு கசிவு

இதே ஏரியின் கிழக்கே சதீசு தவான் விண்வெளி மையத்தில் 2013 ஆகத்து 19 அன்று ஏவப்படவிருந்த ஜி.எஸ்.எல்.வி. டி5 ஏவுகலத்தின் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு கண்டறியப்பட்டது. ஏவுவதற்கு 1 மணி 14 நிமிடம் இருக்கையில் எண்ணிறக்கம் நிறுத்தப்பட்டது. ஆய்வில் குறை இணைப்பிலோ அடைப்பிலோ இல்லை, தொட்டி செய்யப்பட்ட அலுமினியக் கலப்புலோகம் நாளடைவில் வெடிக்கும் இயல்புடையது என்று தெரிந்தது. இரண்டாம் கட்டம் வேறு கலப்புலோகத் தொட்டி கொண்டதாக மாற்றப்பட்டு, 2014 சனவரி 5 அன்று ஏவுகலம் வெற்றிகரமாக ஏவப்பட்டது. அளவிலும் செலவிலும் ஒப்பிட முடியாததாயினும், கசியும் இடத்தை அடைக்காமல் கசிவின் காரணத்தைத் தேடிய முறை ஒன்றே.

ஏரியில் விளைவுகள்

2017 சனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதில் கடலில் கலந்த எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயும் பரவலாக அறியப்பட்டவை. படகின் அடித்தட்டில் சொட்டி, நீர் இறைக்கும்போது ஏரியில் சேரும் எண்ணெய் அத்தகைய செய்தியாவதில்லை. ஆயினும் ஆழமற்ற, தேங்கி நிற்கும் நீரில் அது எளிதில் அகலாது. வலையிலும் ஐஸ் பெட்டியிலும் எண்ணெய் வாடை ஏறிய நண்டையும் இறாலையும் வாங்குவோர் விலை குறைத்தே கேட்பர்.

கசிவு சரிசெய்யப்படும் வரை பொறிக்கு அடியில் தகரத் தட்டை வைத்துச் சொட்டும் எண்ணெயைப் பிடிப்பது எளிய தற்காலிக ஏற்பாடு. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் தட்டில் சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்து வந்தால், கசிவு கூடுகிறதா குறைகிறதா என்பது மெக்கானிக்கிற்கும் தெரியவரும். இந்த எண்ணெயை மீண்டும் பொறியில் ஊற்றக்கூடாது. மணலும் உப்புநீரும் கலந்த எண்ணெய் தாங்கிகளை அரைத்துவிடும்.